காரைக்குடிப் பக்கம் வீட்டு விலை துளிர்க்கிறதா?

கேள்வி: ஐயா, காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பாட்டையா கட்டிய வீடு இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மனை 60 அடிக்கு 150 அடி. அதில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) ஆறில் ஒரு பங்கு. அப்பச்சி 2011-இல் தவறிவிட்டார்கள். இப்போது ஆத்தா, நான், தங்கச்சி, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி என்று நாலு பேர் இருக்கிறோம். மாசியில் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்கு) போனபோது தரகர் ஒருவர் வந்து, "காரைக்குடி மாநகராட்சி ஆகிடுச்சு, அடுத்த தெருவுல ரெண்டு வீடு ஓட்டல் ஆகிடுச்சு, இதுதான் நேரம். ஒங்க பங்கை மட்டும் கொடுத்தாலும் வாங்க ஆளிருக்கு" என்றார். மறுநாள் மரக்கடைக்காரர் ஒருவர் மொத்த வீட்டையும் மரமாக விலை பேசினார். வளவின் (முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) ஒரு மூலை ஒழுகுகிறது. சந்தை உண்மையிலேயே துளிர்க்கிறதா? விற்பதா, வைத்துக்கொள்வதா? விற்றால் அந்தப் பணத்தில் பைபாஸ் பக்கம் பிளாட் வாங்கலாமா என்று தம்பி கேட்கிறான்.
— ஒரு வாசகி, சென்னை

பதில்: ஆச்சிக்கு வணக்கம். தரகர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மூன்று தனித்தனிச் சந்தைகளை ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பிவிட்டார். காரைக்குடி நகரத்துக்குள் குடியிருக்கவும் வாடகைக்கு விடவும் வாங்கும் வீடுகள் ஒரு சந்தை. அழகப்பா பல்கலைக்கழகம், மின்வேதியியல் ஆய்வகம், பள்ளிகள், மருத்துவமனைகள் என்று மாதச் சம்பளக்காரர்களை நம்பி நடப்பது அது. சாலை ஓரத்து மனைப் பிரிவுகள் இரண்டாவது. அங்கே வாங்குகிறவர்களில் பலர் வீடு கட்டுவதே இல்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி மாதிரி ஊர்களில் இருக்கும் பழைய வளவு வீடுகள் மூன்றாவது. முதலாவது ஏறினால் மூன்றாவதும் ஏறும் என்று ஒரு விதியும் கிடையாது. நகரத்தில் வாடகை கூடிய வருஷத்திலேயே பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு மரத்துக்காக இடிபடும்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது உண்மை. உங்கள் ஊர் அந்த எல்லைக்குள் வந்ததா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் சொத்து வரியும் கட்டட அனுமதி வாங்கும் அலுவலகமும் மாறும், விலை தானாக ஏறிவிடாது. இன்னொரு பேச்சும் உங்கள் காதுக்கு வரும், யுனெஸ்கோ. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. உத்தேசப் பட்டியல் என்பது வரிசையில் நிற்பது, உள்ளே போனது அல்ல. அதைக் காட்டி யாராவது சதுர அடிக்கு நூறு ரூபாய் கூட்டிக் கேட்டால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

அப்படியானால் துளிரை எங்கே பார்ப்பது? வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றுப் பகுதிக்குப் போய், உங்கள் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்து, உங்கள் வீட்டின் சர்வே எண்ணையும் சுற்றியுள்ள நாலைந்து சர்வே எண்களையும் கடைசி மூன்று வருஷத்துக்குப் போடுங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வரும் பட்டியலில் தொகையை விட்டுவிட்டு ஆவணத்தின் தன்மையை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கிரையம் (விற்பனை) எத்தனை, விடுதலை (ஒருவர் தம் பங்கை இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது) எத்தனை, பாகப்பிரிவினை எத்தனை, கிரைய ஒப்பந்தம் எத்தனை, பொது அதிகாரம் (பவர் பத்திரம்) எத்தனை, வங்கியில் மூலப்பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியது எத்தனை.

விடுதலையும் பாகப்பிரிவினையும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே வந்தால், குடும்பங்கள் பங்கைச் சேர்க்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். செட்டிநாட்டில் வீட்டுச் சந்தைக்கு உயிர் வருவதே அங்கிருந்துதான். கிரையம் ஆன சில வாரத்தில் அதே சொத்தின் மேல் வங்கிக் கடன் பதிவானால், வாங்கியவர் வந்து இருக்கப் போகிறார் அல்லது தொழில் நடத்தப் போகிறார். எந்த வங்கியும் சும்மா பணம் கொடுக்காது, அதன் வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்த்து ஒப்பிய பிறகுதான் கடன். ஒப்பந்தமும் பொது அதிகாரமும் மட்டும் பெருகி, கிரையம் அப்படியே நின்றால் அது கைமாற்றும் ஆட்டம். ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். பலகையில் எழுதும் விலை இந்தக் கூட்டத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஒப்பிடும்போது தையையும் மாசியையும் முந்தின மார்கழியோடு ஒப்பிடாதீர்கள். மார்கழியிலும் ஆடியிலும் நம் மக்கள் பத்திரம் பதிய மாட்டார்கள், தை பிறந்ததும் தேங்கி நின்றதெல்லாம் ஒன்றாக வரும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு "சந்தை சூடு பிடித்துவிட்டது" என்று சொல்லும் தரகர்கள் உண்டு. இந்தப் பங்குனியைப் போன பங்குனியோடு வைத்துப் பார்ப்பதுதான் சரியான கணக்கு.

அடுத்தது தெரு. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ சிவராத்திரிக்கோ போன நாளில் தெருவைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். விசேஷம் ஏதும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஊரில் இருக்கும் யாரையாவது உங்கள் தெருவையும் பின் தெருவையும் நடந்து பார்த்து, எத்தனை வீட்டில் வெளிச்சம் என்று எண்ணச் சொல்லுங்கள். எந்த வாசலில் சுண்ணாம்பு மூட்டையும் ஆற்று மணலும் கிடக்கிறது, எந்தக் கூரையில் புது ஓடு சிவப்பாகத் தெரிகிறது, எந்த வீட்டுக்குத் தற்காலிக மின் இணைப்பு வந்திருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் "எப்ப வருவீங்க?" என்று கேளுங்கள். "நாளைக்கே வாறேன்" என்றால் ஊர் இன்னும் தூங்குகிறது. "ஆடிக்கு மேல பாப்போம்" என்றால் நாலு கூரைகளாவது பிரிபடுகின்றன. விலைப் பலகையை விட இதை நான் அதிகம் நம்புவேன்.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். தரகர் சொன்னதிலேயே ஆபத்தானது, பங்கை மட்டும் கொடுக்கலாம் என்ற அந்தக் கடைசி வரிதான்.

60 அடிக்கு 150 அடி என்றால் 9,000 சதுர அடி, ஏறக்குறைய 20.66 சென்ட். அப்பச்சியின் ஆறில் ஒன்றை நாலு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 24-இல் ஒரு பங்கு, மனைக் கணக்கில் 375 சதுர அடி. அந்த 375 சதுர அடியை யாரும் வெட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. முகப்பும் வளவும் பட்டாலைக் கூடமும் பொது. உங்கள் புள்ளிக்கென்று (குடும்பக் கிளைக்கென்று) ஒதுக்கிய ஓர் உள்வீடும் அதன் சாவியும் மட்டுமே உங்கள் தனி அனுபவத்தில் இருக்கும். வெளியாள் அதை வாங்கினால் என்ன ஆகும்? பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் வெளியாள் ஒருவர் பங்கு வாங்கினால், மற்றவர்களோடு கூட்டாக அனுபவிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைத் தாமே எடுத்துக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்க, 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அது போக, வாரிசு முறையில் வந்த சொத்தில் ஒரு முதல் வகுப்பு வாரிசு (மனைவி, மக்கள் போன்றவர்) தம் பங்கை விற்க நினைத்தால், மற்ற முதல் வகுப்பு வாரிசுகள் முன்னுரிமையாக வாங்கிக்கொள்ள இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு வழி விடுகிறது.

ஆக, பங்கை மட்டும் வாங்க வருகிறவர் வீட்டை வாங்க வரவில்லை. மற்ற பங்காளிகளை நெருக்க ஒரு கதவைத்தான் வாங்குகிறார். இந்தச் சிக்கல்களையெல்லாம் கழித்துத்தான் விலையும் சொல்வார். அதனால் முழு வீட்டின் விலையை 24-ஆல் வகுத்து வருவது உங்கள் பங்கின் விலை ஆகாது. வெளியாளிடம் போனால் அதில் பாதி வருவதே பெரிசு. அதே பங்கு இன்னொரு பங்காளியின் கைக்குப் போகும்போதுதான் முழு மதிப்பை நெருங்கும், ஏனென்றால் அவர் கையில் சேரும் ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டுகளின் மதிப்பையும் தூக்கிவிடும்.

அதற்கு முன் ஒரு வேலை: வம்சாவளி. பாட்டையாவில் தொடங்கி ஒரு பெரிய தாளில் எழுதுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் கீழே காலமான தேதியோடு. ஆண்களை மட்டும் எழுதி நிறுத்திவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. உங்கள் ஐயா (அப்பச்சியின் அப்பா) 1956 ஜூனுக்குப் பிறகு, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவர் பங்கில் உங்கள் அத்தைமாருக்கும் ஒரு துளி உண்டு. "அவுகளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பது வீட்டுக்குள் செல்லும், சார்பதிவாளர் முன்னால் செல்லாது. அத்தை இல்லாவிட்டால் அத்தையின் மக்கள் கையெழுத்து வேண்டும். உங்களுக்கும் தங்கச்சிக்கும் இருக்கும் உரிமையில் சந்தேகமே வேண்டாம். 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு மகளும் மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்குதாரர், அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடாது. அதனால் பெரியப்பச்சி வீட்டுப் பெட்டகத்தில் பழைய பாகப் பத்திரம் எதுவும் கிடக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.

பிள்ளை கூட்டிக்கொண்ட (சுவீகாரம் எடுத்த) கிளை இருந்தால் அதையும் தாளில் குறிக்க வேண்டும். சுவீகாரம் போனவருக்கு, போன வீட்டில் பங்கு. பிறந்த வீட்டில், போவதற்கு முன்பே அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது தவிர வேறில்லை. சுவீகாரப் பத்திரம் இருந்தால் அதன் நகலை எடுத்து வையுங்கள். இரண்டு கிளையிலும் ஒரே ஆள் கையெழுத்துப் போட்டு, பின்னால் வங்கி திருப்பி அனுப்பிய வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. நாலு பேருக்கும் சமம் என்று நான் போட்ட கணக்குகூடத் தோராயம்தான். பூர்வீகச் சொத்தாக எடுத்துக்கொண்டால் உங்கள் மூவரின் பங்கும் கொஞ்சம் கூடி, ஆத்தாவின் பங்கு குறையும். பின்னத்தை வாயால் முடிவு செய்யாமல் வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள்.

தாள் தயாரானதும் இறப்புச் சான்றுகள், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றுகள், மூலப்பத்திரம், பட்டா எல்லாம் சேர வேண்டும். நம் ஊர்களில் பல வீட்டு மனைகள் கிராம நத்தம் (குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்). பட்டா இன்னமும் பாட்டையா பெயரிலோ, ஊரில் கடைசியாக இருந்த ஒருவர் பெயரில் மட்டுமோ இருக்கும். அந்த ஒருவர் பெயர் மட்டும் இருப்பதால் வீடு அவருடையது ஆகிவிடாது. ஆனால் அதைச் சரிசெய்யாமல் விட்டால் அவர் பேரன் காலத்தில் வழக்கு வரும். இணையத்தில் வில்லங்கம் ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் பார்க்கலாம். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் எழுதிய பதிவேட்டைத் தேட மனு போட வேண்டும்.

பங்கு சேர்ப்பதற்கு விடுதலைப் பத்திரம்தான் மலிவு. தம்பியின் பங்குக்கு வழிகாட்டி மதிப்பு 4 லட்சம் என்று வையுங்கள். கிரையமாக எழுதினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 36,000 ரூபாய். 10 லட்சத்துக்கு உட்பட்டதைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, அப்போது 32,000. அதையே உங்களுக்கு அவர் விடுதலை எழுதிக் கொடுத்தால், குடும்ப உறுப்பினர்களுக்குள் என்பதால் 1 சதவீதத் தீர்வை (உச்ச வரம்பு 40,000), 1 சதவீதக் கட்டணம் (உச்ச வரம்பு 10,000). ஆக 8,000 ரூபாய், அதோடு சில்லறைக் கட்டணங்கள். இந்தச் சலுகை அப்பா, அம்மா, கணவன், மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்ற வட்டத்துக்குத்தான். பெரியப்பச்சி மகனிடம் போகும் பங்குக்கு எந்த விகிதம் என்பதைப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள். எழுதி முடித்த பிறகு கேட்டால் பற்றாக்குறைத் தீர்வை கட்டச் சொல்லித் தாள் வரும்.

தம்பி வர முடியாவிட்டால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. அதிகாரம் "இன்ன சொத்தில் இன்ன பங்கை இன்னாருக்கு விடுதலை செய்ய" என்று குறிப்பாக இருக்கட்டும். தரகர் தரும் அச்சடித்த பொது அதிகாரப் படிவத்தில் விற்க, அடமானம் வைக்க, இடிக்க எல்லாம் இருக்கும். அதில் கையெழுத்து வேண்டாம்.

பின்னால் முழு வீட்டையும் விற்க நேர்ந்தால், தம்பி வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதால் அவருக்குத் தரும் தொகையில் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டும். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், மேலே செஸ், பெரிய தொகை என்றால் கூடுதல் வரி. இங்கே இருப்பவர்களுக்கான 50 லட்சம் வரம்பு அவருக்குப் பொருந்தாது. குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே வருமான வரி அலுவலகத்தில் வாங்கினால் பணம் முடங்காது. பூர்வீக வீட்டுக்கு ஆதாயக் கணக்கு 2001 ஏப்ரல் 1 நிலவர மதிப்பிலிருந்து தொடங்கும். அந்த மதிப்பீட்டை ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் வீடு நிற்கும்போதே வாங்கி வைப்பது நல்லது. வீடு போன பிறகு அளக்க எதுவும் இருக்காது.

மரக்கடைக்காரர் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். அவர் மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருப்பார். தூணுக்கு எவ்வளவு, நிலைக்கு எவ்வளவு, உத்திரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டார். வளவில் நிற்கும் ஒரு பர்மாத் தேக்குத் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 9 அடி, குறுக்களவு 10 அங்குலம். உண்மையான கன அளவு 4.9 கன அடி. மரக்கடைப் பழைய வழக்கப்படி சுற்றளவைச் சணலால் அளந்து, அதை நாலாக மடித்து, அந்தக் கால் பங்கை அதனாலேயே பெருக்கி நீளத்தோடு பெருக்கினால் வருவது 3.86 கன அடி. சணல் அளவு பொய்யில்லை, அறுக்கும்போது கழிவு போகும் என்று உருட்டு மரத்துக்காக ஏற்பட்ட கணக்கு அது. ஆனால் கடைந்து இழைத்து நூறு வருஷம் காய்ந்து நிற்கும் தூணில் கழிவு எங்கே இருக்கிறது? தூணுக்கு ஒரு கன அடி வீதம், 24 தூணில் 25 கன அடி காணாமல் போகிறது. அதே தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கன அடிக் கணக்கில் விற்பதே இல்லை, தூணாகத்தான் விலை போகும். இதற்கு மேல், மரத்தை உருவிய பிறகு நிற்கும் சுவரை இடிப்பது, இடிபாட்டை அள்ளுவது, பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவர் விரிசல் விட்டால் அதற்குப் பதில் சொல்வது எல்லாம் உங்கள் தலையில். ஒரு பங்காளி சம்மதிக்காவிட்டால்கூட ஒரு மரச் சட்டத்தையும் கழற்ற முடியாது, கழற்றினால் காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டும்.

அதற்காக எந்த வீட்டையும் இடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பாதிக் கூரை விழுந்து, பங்கு நூறாகச் சிதறி, எடுத்துக் கட்ட ஆளே இல்லாத வீடுகளில் மரத்தையாவது காப்பாற்றுவது நியாயம். உங்கள் வீட்டில் ஒரு மூலைதான் ஒழுகுகிறது.

அந்த மூலையை இந்த வருஷமே பார்த்துவிடுங்கள், பங்கு விவகாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வளவின் நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. இரண்டு சரிவுகள் சந்திக்கும் கூடல்வாயில்தான் மொத்தத் தண்ணீரும் ஓடும். அங்கே வேப்பிலையும் புறா எச்சமும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கவாட்டில் ஏறி ஓட்டுக்கு அடியில் புகும். மரநாய் நடந்து ஓடு நகர்ந்திருந்தாலும் இதே கதை. மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் கூரையில் ஏறி, கூடல்வாயின் மேல் முனையில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றட்டும். இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். சொட்டு விழும் இடத்தில் கரிக்கட்டியால் குறியிடுங்கள். பிறகு ஒரு முழம் கீழே இறங்கி அடுத்த குடம். நாலு குடத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கமாக நாலைந்து அடி ஓடி வந்து சொட்டும்.

ஊரில் உடனே சொல்லும் வைத்தியம், கூடல்வாயில் சிமெண்டு போட்டுப் பூசுவது. இரண்டு கோடை தாங்காது. வெயிலில் மரம் விரிந்து சுருங்கும், சிமெண்டு அதோடு சேர்ந்து அசையாமல் மயிரிழை விரிசல் விடும். உள்ளே புகுந்த தண்ணீர் காய வழியில்லாமல் கைமரத்தின் நுனியை உளுத்துப் போகச் செய்யும். ஓடுகளை இரண்டு பக்கமும் பிரித்து, இரண்டடி அகலத் துத்தநாகம் பூசிய தகடு போட வேண்டும், ஓட்டுக்கு அடியில் ஒவ்வொரு பக்கமும் ஓரடி போக. கீழ்த் தகட்டை முதலில் வைத்து, மேல் தகடு அதன் மேல் ஆறு அங்குலம் ஏறட்டும். பிரித்த கையோடு ஒவ்வொரு கைமர நுனியையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் அந்த நுனி போய்விட்டது, அதை வெட்டி ஒட்டுக் கொடுக்க வேண்டும். தேக்கு பெரும்பாலும் தாங்கியிருக்கும், பின்கட்டில் பனங்கையோ வேறு நாட்டு மரமோ போட்ட இடத்தில்தான் கரையான் இருக்கும். பழைய ஓடுகளை விரலால் சுண்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் திரும்பப் போடலாம், 'மொத்' என்றால் ஓரமாக வைக்கலாம். பத்துக்கு ஒன்று உடையும் என்று வைத்து, அதே அளவு பழைய ஓடுகளை இடிபடும் வீடுகளிலிருந்து முன்பே வாங்கி அடுக்குங்கள். புது ஓட்டின் வளைவு பழையதோடு பொருந்தாது.

பங்குனி பிறந்துவிட்டது, கூரையைப் பிரிக்க இதை விட நல்ல நேரம் இல்லை. ஆவணிக்குள் மூடிவிட்டால் ஐப்பசி மழையைத் தைரியமாகப் பார்க்கலாம். சுவர்ப் பூச்சு உதிர்ந்த இடத்தில் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். ஊறாத கட்டி பூசிய பிறகு சுவரில் வெடிக்கும். கத்திரி வெயிலில் பூசினால் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்புச் சுவரின் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூக்கும். ஆத்தங்குடிக் கல் தரையில் ஆசிட் ஊற்றும் பெயிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். வயரிங்கைத் தொடும்போது எர்த்தும், 30 மில்லியாம்ப் கசிவில் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். இந்தச் செலவை ஒரு நோட்டில் பில்லோடு எழுதி, எல்லாப் பங்காளிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். நாளைக்குப் பங்கு சேர்க்கும்போது "நீ என்ன செலவு செஞ்சே?" என்ற பேச்சு வராது.

அடுத்த தெரு ஓட்டல்களைப் பற்றி: அந்த இரண்டு வீடும் விற்கப்பட்டதா, குத்தகைக்குப் போனதா என்று வில்லங்கத்தில் பாருங்கள். குத்தகை என்றால் உங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும், எல்லாப் பங்காளியும் கையெழுத்திட வேண்டும். கூரைப் பராமரிப்பு யார் செலவு, சுவர் இடித்துக் குளியலறை போட யார் அனுமதி, முடியும்போது எந்த நிலையில் திருப்பித் தருவது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். சாமி வீட்டைக் குத்தகையிலிருந்து விலக்கி எழுதுங்கள். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருஷத்தில் இத்தனை நாள் வளவு நமக்கு என்றும் ஒரு வரி. இதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் தம் வீட்டிலேயே அறை வாடகை கொடுத்துப் படைக்க நேரும்.

தம்பியின் பிளாட் கேள்விக்குச் சுருக்கமாக: நகர் ஊரமைப்புத் துறை அனுமதி எண் இல்லாத மனையை, அது 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவாகி வரன்முறை ஆகியிருந்தால் ஒழியத் தொடாதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப் பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் கேளுங்கள். புலப்படத்தில் கண்மாய்க்கோ ஊருணிக்கோ போகும் வரத்துக்கால் அந்த இடத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். பங்குனியில் எல்லா மனையும் மேட்டு நிலமாகத்தான் தெரியும். ஐப்பசியில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.

தரகரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்: பங்கு விற்பனைக்கு இல்லை, முழு வீட்டுக்கு விலை இருந்தால் வாங்குபவர் பெயரோடு எழுதிக் கொடுக்கட்டும். அவர் "டோக்கன்" என்று ரொக்கம் நீட்டினால் வாங்காதீர்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். ஆத்தாவுக்குப் பாட்டையா கிளைகளின் பெயரெல்லாம் இன்னமும் நினைவில் இருக்கும். வம்சாவளித் தாளை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதுங்கள்.